மூச்சுப் படாமல்

மந்திகை ஆசுப்பத்திரியில்
எக்ஸ்றே அறைக்குள் இரண்டு கதவு.
ஒன்று நோயாளிக்கு.
மற்றது எனக்கு, ஈயத்தகடு வைத்தது,
பக்கத்தில் கையகலக் கண்ணாடி.

பதினேழு வருசமாக
அந்தக் கண்ணாடியால்தான் ஆட்களைப் பார்க்கிறேன்.
"மூச்சை இழுங்கோ. அடக்குங்கோ. அசையாதேங்கோ."
பொத்தான்.
"சரி, விடுங்கோ."
ஒருவருக்கு உள்ளே பார்க்கிற கணத்தில்தான்
அவரை விட்டு விலகி நிற்கிறேன்.
இதை யோசித்ததேயில்லை,
தயாபரன் மாற்றலாகி வரும்வரை.

வவுனியாவிலிருந்து வந்தவர்.
இரவுக் கடமையில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊத்துவார்.
முதல் கிழமை சீனி எவ்வளவு என்று கேட்டார்.
பிறகு கேட்கவில்லை.
மனுசி கனடாவில், விசா இழுபடுகுது என்றார்.
நானும் சொன்னேன்:
எங்கட வீட்டில் பேச்சென்றால்
கரண்ட் பில்லைப் பற்றி மட்டும்தான்.
சொன்னதும் நெஞ்சு லேசானது.
அந்த லேசுதான் பயமாக இருந்தது.

அதன்பிறகு
கடமைப் பட்டியல் ஒட்டுகிற நாளில்
என் பெயருக்கு முன்னால் அவர் பெயரைத் தேடினேன்.

சட்டையில் குத்தியிருக்கிற பட்டை
மாதம் ஒருக்கால் கொழும்புக்குப் போகும்.
எவ்வளவு கதிர் பட்டதென்று எழுதி வரும்.
இதற்கு அப்படியொரு பட்டை இல்லை.

ஒரு வெள்ளி, கடமை முடிய
சந்நிதிக்குப் போனேன்.
தொண்டைமானாற்றுப் பாலத்தில் உப்புக்காற்று.
பூசை நேரம்.
பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருந்தார்.
மந்திரம் இல்லை.
தன் மூச்சு வேலில் படாமல்
விளக்கை எடுத்தார், காட்டினார், வைத்தார்.
சின்னதிலிருந்து பார்த்த பூசை;
தீட்டுக்குப் பயந்து என்றே நினைத்திருந்தேன்.
அன்றைக்கு வேறு மாதிரிப் பட்டது:
இவ்வளவு கிட்ட நிற்கக் கிடைத்தவர்தான்
வாயைக் கட்ட வேண்டியிருக்கு.
எட்ட நிற்கிற நாங்கள்
அரோகரா என்று கத்தலாம்.

முருகா, அவரை வெறுக்கச் சொல்லாதே,
எனக்கு அது வராது.
ஒரு முழத் துணி தா என்று கேட்டேன்.
கேட்டுதோ தெரியாது.
மடத்தில் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். பஸ் பிடித்தேன்.

மாரி தொடங்கி இரண்டாம் கிழமை
நெல்லியடிச் சந்தியில்
அவருடைய மோட்டார் சைக்கிள் சறுக்கியது.
நெஞ்சைப் பொத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு,
நோயாளிக் கதவால் வந்தார்.
"இண்டைக்கு நீங்கள்தான் எடுக்கவேணும்."
சேட்டைக் கழற்றச் சொன்னேன்.
நாடியை உயர்த்தச் சொன்னேன்.
தோளிரண்டையும் பிடித்துத் தட்டோடு சேர்த்தேன்,
ஆயிரம் பேரைத் தொட்ட அதே கையால்.
ஈயக் கதவைச் சாத்தினேன்.
"மூச்சை இழுங்கோ. அடக்குங்கோ."
இரண்டு பேரும் அடக்கினோம்.

திரையில் விலா ஒன்றும் முறியவில்லை.
இதயம் அளவாக இருந்தது.
இடது காறை எலும்புக்குக் கீழே
அரிசியளவில் மூன்று இரும்பு, பழையது.
இத்தனை தேத்தண்ணிக்கும் நடுவில்
அவர் சொல்லாத ஒன்று.

கேட்க வாய் உன்னியது:
எந்த ஊர், எந்த வருசம்,
பக்கத்தில் ஆர் இருந்தது.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
முதுகைக் காட்டியபடி நின்றார்,
இன்னும் மூச்சை விடாமல்.

"விடுங்கோ," என்றேன்.
"முறிவில்லை."

சேட்டுப் பொத்தானைப் பூட்டியபடி
திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நான் படிவத்தில் திகதி எழுதிக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி இப்போதும் வருகிறது.
சிற்றூழியர் மரியநாயகத்தையும் கூப்பிடுகிறேன்.
மூன்று கதிரை. கிரிக்கெட், வெங்காய விலை,
அவருடைய மகளுக்கு ஓடாத கணக்கு.

மாதக் கடைசியில் பட்டையின் கடிதம் வந்தது:
அளவுக்குள்.
பட்டியல் ஒட்டினால் இப்போதும்
அவர் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன்.
பிறகு, வாயைக் கட்டிக்கொண்டு,
என்னுடையதை.